கேனில் வந்த ஆலிவ் எண்ணெய்

மின்னி பே,
போர்ட் பிளேர்.
10.1.2025

என் அன்பு மருமகள் சங்கவிக்கு, மாமன் குழந்தைவேலு எழுதுவது. நான் இங்கே குறைவில்லாமல் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை பாலகுமாரும் அப்படியே இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ ஹேவ்லாக் தீவில் வீட்டு வாசலில் 'கேக் கிடைக்கும்' என்று போர்டு மாட்டிய அன்றே உன் அத்தையைக் கூப்பிட்டு, "பொன்னம்மா, எழுதி வச்சுக்க, இந்தப் புள்ள வெண்ணெயாலதான் அவதிப்படப் போவுது" என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "நீங்க எதைத்தான் முன்னாடியே சொல்லல" என்றாள். மரியாதை தெரியாதவள். இப்போது மகள் பிரசவத்துக்கென்று மெயின்லேண்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை அவள் எதிரில் சத்தமாகப் படித்திருப்பேன்.

கப்பல் தாமதமானால் தீவில் வெண்ணெய் இல்லை. கப்பல் வந்தால் கரண்ட் இல்லை. உருகி, உறைந்து, மறுபடி உருகின வெண்ணெயில் கேக் செய்தால் அது சோப்புக்கட்டி மாதிரிதான் இருக்கும். அந்த காட்டேஜ் நடத்தும் ரூபா மேடம் திருப்பி அனுப்பினாள் என்று நீ போனில் அழுதாய். அவள் செய்தது சரி. ஆலிவ் எண்ணெயில் செய். மறுநாள்தான் ருசி ஏறும், மூன்றாம் நாளும் ஈரம் போகாது, பிரிட்ஜும் வேண்டாம்.

ஆலிவ் எண்ணெய் பற்றி உனக்குச் சொல்ல இந்தத் தீவில் என்னை விட்டால் ஆள் இல்லை. நான் துறைமுக ஸ்டோரில் இருந்தபோது ஓர் இத்தாலிக் கப்பல் இன்ஜின் பழுதாகி நின்றது. அதன் கேப்டன் என் மூக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு, கண்ணைக் கட்டி, மூன்று குப்பி எண்ணெயை முன்னால் வைத்தான். எந்தத் தோட்டம், மலையின் எந்தப் பக்கம் என்பது வரை சொன்னேன். நேப்பிள்ஸுக்கே வந்துவிடு என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். உன் அத்தைதான் விடவில்லை.

நல்ல எண்ணெய் அறுத்த புல் மாதிரி, பச்சை இலை மாதிரி மணக்கும். நாக்கில் லேசாகக் கசக்கும். விழுங்கினால் தொண்டையில் பிடித்து ஓர் இருமல் வரும். அந்த இருமல் வந்தால் அதுதான் முதல் தரம். எவ்வளவு வேண்டும் என்று எழுது. மற்றதை மாமன் பார்த்துக்கொள்வான்.

உன் மாமன்,
வே. குழந்தைவேலு,
துறைமுக ஸ்டோர் (ஓய்வு), எண்ணெய், நெய் பரிசோதகர்

❖

ஹேவ்லாக்
16.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கல் முடிந்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், நெய்தான் இல்லை. போனில் பேசினால் நீங்கள் பேசுகிறீர்கள், நான் 'ம்' கொட்டுகிறேன், அதற்குள் சிக்னல் போய்விடுகிறது. அதனால் நானும் எழுதிவிடுகிறேன். காகிதத்திலாவது ஒரு வாக்கியத்தை முடிக்கலாம்.

ரூபா மேடத்துக்கு ஒரு கேக் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் சீசன் முழுவதும் தினமும் அவர்கள் காட்டேஜுக்கு நான்தான். அப்படி நடந்தால் இந்தச் சின்ன ஓவனை விட்டுப் பெரிதாக ஒன்று வாங்குவேன். நடக்காவிட்டால் போர்டைக் கழற்றிவிடலாம் என்றிருக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை மாமா. கேக் பாதி எழும்பும்போது கரண்ட் போகிறது. அமுங்கிப்போன கேக்கை நானும் இவரும் இரவுச் சாப்பாடாகத் தின்கிறோம். இவர் மின்சார ஆபீஸில்தான் வேலை, ஆனாலும் என்ன செய்வார்? "நான் வேணும்னா கம்பத்துல ஏறி நிக்கட்டா" என்கிறார். சிரிக்கக்கூட அலுப்பாக இருக்கிறது.

சூரியகாந்தி எண்ணெயில் அளவு பழகிவிட்டேன். முட்டையும் சர்க்கரையும் நுரைத்த பிறகு எண்ணெயை நூல் மாதிரி விட வேண்டும், அவசரப்பட்டால் பிரிந்துவிடுகிறது. தயிரும் கொஞ்சம் ரவையும் சேர்க்கிறேன். ஆரஞ்சுத் தோல் துருவிப் போடலாம் என்று திட்டம். இனி எண்ணெய்தான் பாக்கி. இங்கே கடையில் இருப்பது கண்ணாடிக்குள் வெளுத்துப்போன ஒரு குப்பி. ஆலிவ் எண்ணெயை நான் இதுவரை முகர்ந்ததே இல்லை, நல்லதும் கெட்டதும் எனக்குத் தெரியாது.

உங்கள் கதைகளில் எது நிஜம், எது சேர்த்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் என் கல்யாணத்தில் நெய் டின்னைத் திறக்கும் முன்பே, மூடி ஓரத்தில் முகர்ந்து, "இது கெட்டது, பந்திக்குப் போகக் கூடாது" என்றீர்களே, அதை நானே பார்த்தேன். உங்கள் மூக்கு நிஜம். அதை நம்பித்தான் எழுதுகிறேன். 'லைட்' என்று போட்டிருப்பதில் வாசமே இராதாம், அதை மட்டும் வாங்க வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்,
சங்கவி

❖

மின்னி பே
21.1.2025

என் தங்க மருமகளுக்கு,

எண்ணெய் வருகிறது. கோட்டை வாசல் திறக்கிறது என்று நினைத்துக்கொள்.

வாங்கின கதையைக் கேள். எதிர்வீட்டு அய்யூப் பாய்க்கு பஜாரில் கடை இருக்கிறது, உனக்குத் தெரியும். போய் நின்றதுமே கடையில் ஓர் அமைதி. நான் கண்ணாடி அலமாரியில் இருந்த குப்பியை எடுத்தேன். பாய் பதறினார்.

"அண்ணே, அது வேணாண்ணே. வெயில் குடிச்சுக் கெடக்கு. உள்ள கறுப்பு பாட்டில் இருக்கு, அத எடுத்துத் தர்றேன்."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், பாய்."

"எப்ப பறிச்ச காய்னு பின்னாடி தேதி போட்டிருக்கும், பாத்துக்கோங்க. நம்ம தீவுக்குக் கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள எல்லாமே கெழடு தட்டிடும். இது கொஞ்சம் எளசு."

"இந்த பொமஸ்னு போட்டிருக்கே?"

"அது பிழிஞ்ச சக்கையத் திரும்ப மருந்து போட்டு எடுக்கறது. விலை கம்மி. கேக்குக்கு வேணாம்."

"உங்களைச் சோதிச்சுப் பார்த்தேன்" என்றேன். அவர் சிரித்தார். கடையே என் அறிவைக் கண்டு வாய் பிளந்தது. முகர்ந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். சீலை உடைத்தால் நம்முடையதாகிவிடும், அதனால் உடைக்காமல் கண்ணாடி வழியாகவே முகர்ந்தேன். எக்ஸ்ட்ரா வர்ஜின், கறுப்புக் குப்பி, முதல் தரம்.

அடுத்து ஒரு சிக்கல். ஹேவ்லாக் போட்டில் வேலை பார்க்கும் கோகுல் குப்பியை வாங்க மாட்டேன் என்றான். "அங்கிள், ஷீஷா மத் தேனா, கண்ணாடி வேணாம். போன தடவை உங்க ஊறுகா பாட்டில் ஒடஞ்சு என் பேக் பூரா நாறிப் போச்சு. கேன்ல ஊத்திக் கொடுங்க." நியாயம்தானே? இங்கே யார் கண்ணாடியில் எண்ணெய் கொடுத்தனுப்புகிறார்கள்? அதனால் உன் அத்தை வைத்துவிட்டுப் போன வெள்ளை கேனை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்து, மூடியைத் திறந்து என் சொந்த மூக்கால் முகர்ந்து பார்த்தேன். துளி வாடை கிடையாது. கிணற்றுத் தண்ணீர்கூட அவ்வளவு சுத்தமாக இராது. அதன் பிறகே ஊற்றினேன். கேனைத் திருப்பி அனுப்பிவிடு. பாத்திரம் ஒன்று குறைந்தாலும் உன் அத்தை ஊரிலிருந்து வந்ததும் எண்ணுவாள்.

வேறு விசேஷம் இல்லை. காபிப்பொடியெல்லாம் இப்போது ஏமாற்று, எந்தக் கடையில் வாங்கினாலும் வெந்நீர் மாதிரி இருக்கிறது. போன வாரம் கேஸ் சிலிண்டர் கசிகிறது என்று அய்யூப் பாய் வீட்டு சம்சாத் எதிர்வீட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அக்கம்பக்கம் விழிப்பாக இருக்கிறதா என்று நான்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். தேறினாள்.

வெற்றி நமதே.

மாமன்,
வே. குழந்தைவேலு,
நேப்பிள்ஸ் கேப்டனின் நண்பன்

❖

ஹேவ்லாக்
27.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நிறைய எழுதத் தெம்பில்லை.

கேனைத் திறந்ததும் பச்சை இலை வாசம் வந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், கசந்தது, இருமல் வந்தது. நீங்கள் எழுதினபடியே இருக்கிறது, முதல் தரம்தான் என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்குக் கரண்ட்கூடப் போகவில்லை. கேக் அவ்வளவு அழகாக எழும்பியது.

ஓவனுக்குள்ளிருந்து வந்த வாசம்தான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. பழக்கமில்லாத எண்ணெய், இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ரூபா மேடம் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்கள். "சங்கவி, இது கேக்கா, மசாஜ் பார்லரா? ஆலிவ் ஆயில் எனக்குத் தெரியும், அது இப்படி இருக்காது." விருந்தாளிகள் பக்கத்து மேஜையில் இருந்தார்கள். ஒருத்தர் சிரித்தார்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "இங்க கெடைக்கிற எண்ணெயே இதுதான்னா இந்த யோசனைய விட்டுரலாம். நான் போர்ட் பிளேர்ல ஆர்டர் கொடுத்துக்கறேன். எண்ணெய்தான் கெட்டதா, இல்ல வேற ஏதாவதா, அத மட்டும் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்லு. வேற ஏதாவதுன்னா இன்னொரு தரம் பாக்கலாம்."

அதனால் கோகுலிடம் அந்தக் கேக்கில் ஒரு துண்டு கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மூக்கிடம் காட்டுங்கள். அது என்ன வாசம் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

சங்கவி

❖

மின்னி பே
29.1.2025

மருமகளே,

அந்த ரூபா மேடம் இப்படி ஏதாவது சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பணக்காரர் நாக்குக்குப் பழையதும் பிடிக்காது, புதியதும் பிடிக்காது.

துண்டு வந்தது. பிரித்த உடனே வீடு முழுக்க ஆரஞ்சு மணம்! தெருவில் போன இரண்டு பேர் நின்று, "என்ன அங்கிள், கல்யாணமா" என்று கேட்டார்கள். நான் கண்ணை மூடி முகர்ந்தேன். முதலில் ஆரஞ்சு, அதற்கடியில் ஆலிவ், அடி ஆழத்தில் தயிர். குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கேக்கைத் தள்ளினவளுக்கு மூக்கு சரியில்லை. சிலருக்கு அது போய்விடுகிறது, போனது அடுத்தவருக்குத் தெரியாமல் சமாளித்துக்கொண்டு திரிகிறார்கள்.

அப்படியும் அவள் அடம் பிடித்தால் எண்ணெய் கம்பெனியின் மேல் பழியைப் போடு. இத்தாலியில் மழை தப்பிவிட்டது, காய் சரியில்லை என்று சொல். நான் சொன்னதாகச் சொல். போர்டைக் கழற்றாதே. பிரிட்டிஷார் காலத்தில் கட்டின ஜெயிலே நிற்கிறது, ஒரு போர்டு நிற்காதா?

மாமன்,
வே. குழந்தைவேலு

❖

ஹேவ்லாக்
1.2.2025

மாமாவுக்கு,

அந்தக் கேக்கில் ஆரஞ்சு இல்லை.

மார்க்கெட்டில் அன்றைக்கு ஆரஞ்சு வரவில்லை. வெறும் கேக்தான் செய்தேன். எழுத மறந்துவிட்டேன். உங்களைச் சோதிக்க நினைக்கவே இல்லை.

உங்கள் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். காபி வெந்நீராக இருக்கிறது. கேஸ் கசிந்தது உங்களுக்குத் தெரியவில்லை, எதிர்வீட்டுக்குத் தெரிகிறது. நீங்கள் தனியாக இருக்கும் வீட்டில். அதைப் படித்தபோது நான் சிரித்தேன் மாமா. இப்போது அந்த இடத்தை என்னால் படிக்க முடியவில்லை.

எப்போதிலிருந்து?

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எண்ணெய் கெட்டது என்று நான் ரூபா மேடத்திடம் சொன்னால் அத்தோடு முடிந்தது. கேனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கழுவவில்லை. வெள்ளிக்கிழமை காலை போட்டுக்குள் ஒரு வரி போதும். ஒரே ஒரு தடவை, ஒன்றும் சேர்க்காமல் எழுதுங்கள்.

சங்கவி

❖

மின்னி பே
5.2.2025

சங்கவிக்கு,

நீ கண்டுபிடிப்பாய் என்று எனக்கு முன்பே தெரியும். இதை நிஜமாகவே சொல்கிறேன். ஆரஞ்சு என்று எழுதிக் கடிதத்தை ஒட்டும்போதே கை ஒரு நிமிடம் நின்றது. ஆனாலும் ஒட்டிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகுதான். முதலில் மூக்கடைப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் உன் அத்தை கருவாடு வறுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் அடுப்படிக்குப் போய், "இன்னிக்கு என்ன சமையல்" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கிண்டலா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து எது முன்னால் வந்தாலும், ஆகா என்ன மணம் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. மின்னி பேயில் இன்னமும் நெய் வாங்கினால் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். பிடித்துப் பார்த்து, கலரைப் பார்த்து, கொண்டு வந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கதை சொல்வதில் எனக்கு எந்நாளும் களைப்பு வந்ததில்லை. மணக்கிறது, மணக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதில்தான் ரொம்பக் களைத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கேனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். எண்ணெய் வாங்கின கறுப்புக் குப்பியும் என்னிடம் இருந்தது, அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு. அலமாரியில் அழகுக்கு வைத்திருந்தேன். இரண்டையும் சம்சாத் முன்னால் வைத்து, முகர்ந்து சொல்லு என்றேன்.

"நீங்க பாக்காத வாசமா அண்ணே? என்னைப் போய்க் கேக்கறீங்க!"

"ஜலதோஷம்மா. சொல்லு."

குப்பியை முகர்ந்து, "புல்லு வெட்டின மாதிரி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். கேனைத் திறந்தாள். உடனே சிரித்துவிட்டாள். "அட, இது பொன்னம்மாக்கா தலை வாசம்!"

உன் அத்தை கரிசலாங்கண்ணியும் வேப்பிலையும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சுகிற தலை எண்ணெய் அந்தக் கேனில்தான் இருந்தது. கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் விடாது போலிருக்கிறது. பச்சை இலை மணக்கும் என்று நான் எழுதி வைத்த மேதாவித்தனத்தால் நீயும் ஏமாந்தாய். சம்சாத் அந்தக் கேனைத் திரும்பத் திரும்ப முகர்ந்து, "அக்கா எப்ப வருவாங்க, பாத்து எவ்ளோ நாளாச்சு" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கூடவே இருந்த வாசம், சங்கவி. வெறும் கேன்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து சம்சாத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன். காலையும் மாலையும் அடுப்படியை வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். அத்தைக்கு நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை காலை போட்டில் கோகுலிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நானும் அதே போட்டில் ஏறுகிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு என் முகத்தைப் பார். நேரில் என்றால் வேறு ஏதாவது சேர்த்துவிடுவேன். மடியில் ஒரு குப்பி இருக்கும். கறுப்பு, சீல் உடைக்காதது. அய்யூப் பாய் உள்ளே போய் எடுத்துக் கொடுத்தது, தேதியையும் அவர்தான் பார்த்தார். போட் ஜெட்டிக்கு வா. நீயே உடை, நீயே முகர்ந்து எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல். கேட்டுக்கொண்டு வந்து இங்கே நான் முகர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மட்டும் அனுமதி கொடு.

ரூபா மேடத்திடம் இந்தக் கடிதத்தையே காட்டு. எண்ணெயில் குற்றமில்லை, உன் கையிலும் இல்லை. நேப்பிள்ஸ் கேப்டனை அவள் நம்ப வேண்டியதில்லை, அவன் நம் குடும்பத்தோடு இருக்கட்டும். ஆனால் கேனை என் சொந்த மூக்கால் முகர்ந்து பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, அது நானாகச் சேர்த்தது. மூடியைத் திறந்தேன். குனிந்தேன். என்ன பிரயோசனம் என்று திரும்ப மூடிவிட்டேன்.

மாமா